சங்கு ஊதாத மத்தியானம்

அடுப்படியில் கோதுமை ரவை உப்புமா தயார். கடுகு தாளித்த வாசனை கூடம் முழுக்க இருந்தது. தட்டுகளும் வைத்தாயிற்று.

பிள்ளைகள் எழவில்லை.

"எழுந்திருங்க, கை கழுவலாம்" என்றாள் தனம். சுவரோரம் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

மல்லிகா என்று ஒரு பெண். நாலு வயசு இருக்கும். எங்கள் மில்லில் சாயப் பிரிவில் இருந்த ஏகாம்பரத்தின் மகள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"சங்கு ஊதலியே டீச்சர்."

ஊதவில்லைதான். அன்றைக்குக் காலையில்தான் மில்லைப் பூட்டியிருந்தார்கள்.

நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போனவன், கேட்டில் பூட்டையும் நோட்டீசையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். வீட்டில் யாரும் இல்லை. பையன் பெரிய பள்ளிக்கூடம் போயிருந்தான். பெண்டாட்டி இருக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். தனம்தான் அந்தப் பால்வாடியின் டீச்சர்.

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கிட்டே வந்து சின்னக் குரலில் சொன்னாள்.

"நீங்க ஊதுங்க."

"இன்னாத்த?"

"சங்கத்தான்."

வாய் பழகாதவன்

நான் மூணாவது வரைக்கும் படித்தவன். போன வாரங்களில் எழுதியதைப் படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள் என்றார் பத்திரிகை ஆசிரியர். நீட்ட என்னிடம் நூல் அவ்வளவு இல்லை.

பேச்சும் அப்படித்தான். தறிக் கூடத்தில் பேசினால் கேட்காது. ஒருத்தன் உதட்டை ஒருத்தன் பார்த்துத்தான் விஷயம் புரிந்துகொள்வோம். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். தனம் பேசுவாள். நான் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மில் சங்கு பற்றிச் சொல்லவேண்டும். மில் ஊருக்குத் தெற்கே. நாங்கள் இருந்தது வடக்கே, முத்தியால்பேட்டையில். நடுவில் ஊரே இருந்தும் சங்கு கேட்கும். தெற்குக் காற்று அடித்தால் பக்கத்து வீட்டில் ஊதுகிற மாதிரி இருக்கும்.

கடிகாரம் உள்ள வீடு அப்போது கம்மி. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட, "ரெண்டாவது சங்குக்கு அப்புறம் வாங்க" என்றுதான் சொல்லி அனுப்புவோம். பால் கறப்பது, கடை திறப்பது எல்லாம் சங்குக்குத்தான்.

பால்வாடியும் அப்படித்தான். மத்தியானச் சங்கு ஊதினால் பிள்ளைகள் தானாக எழும். வரிசையாகக் குழாயடிக்குப் போகும். யாரும் சொல்லவேண்டாம். தனம் அப்படிப் பழக்கி வைத்திருந்தாள்.

இப்போது அந்தப் பழக்கமே குறுக்கே நின்றது.

நான் கதவுக்குப் பின்னால் போனேன். இரண்டு கையையும் வாயில் குவித்தேன். மில் சங்கு எடுத்த எடுப்பில் கத்தாது. முதலில் முனகும். அப்புறம் ஏறும். மேலே போய் நிற்கும். இறங்கும்போது நாய் ஊளை மாதிரி இழுக்கும். இத்தனை வருஷம் காதில் விழுந்தது. வாயில் வந்தது அதில் பாதிதான். நடுவில் இருமலும் வந்துவிட்டது.

கூடத்தில் சத்தமே இல்லை. தோற்றேன் என்று நினைத்தேன்.

அப்புறம் மல்லிகாவின் குரல் கேட்டது.

"சங்குக்கு சளி புடிச்சிருக்கு டீச்சர்."

சொல்லிவிட்டு எழுந்தாள். மற்றவையும் எழுந்தன. குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அழுகிற பிள்ளைக்கு ஒரு சொம்பு

தனம் எட்டாவது படித்தவள். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், ஊருக்குள்ளே கன்னியாஸ்திரிகள் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் எடுபிடி வேலை பார்த்தாள். பால் காய்ச்சுவது, துணி அலசுவது. அங்கே இருந்த பிரெஞ்சு அம்மா ஒருத்தர் இரைச்சல் அதிகமானால் "சிலான்ஸ்" என்பாராம். அப்படியென்றால் சத்தம் போடாதே என்று அர்த்தம். தனம் அந்த ஒரு சொல்லை அங்கிருந்து கொண்டுவந்தாள். முத்தியால்பேட்டைப் பிள்ளைகள் தெருவில் விளையாடும்போதும் ஒன்றை ஒன்று "சிலான்ஸ்" என்று அதட்டும்.

இன்னொன்றும் கொண்டுவந்தாள். அது அவளே கண்டுபிடித்ததா, பார்த்துப் படித்ததா, எனக்குத் தெரியாது. அழுகிற பிள்ளையைத் தூக்கமாட்டாள். வேலை கொடுப்பாள்.

முதல் நாள் வருகிற பிள்ளை எப்படி அழும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு தெரு அதிர அழும். தனம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதன் கையில் கொடுப்பாள்.

"இதைக் கொஞ்சம் புடிச்சிக்க கண்ணு. எனக்குக் கை ஒழியல. சிந்திடாத."

பிள்ளை தண்ணீரைப் பார்க்கும். தண்ணீர் ஆடும். அழுதுகொண்டே ஆடாமல் பிடிக்கப் பார்க்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யமுடியாது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிடும். அம்மா போனதும் தெரியாது.

"பாவம், ஏமாத்துறியே" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏமாத்தல. எனக்கு நெசமாவே கை ஒழியல" என்றாள்.

அவளுக்கு விளையாட்டுச் சாமான் கிடையாது. நூல் சுற்றுகிற பாபின் கட்டைகளில் உடைந்ததை மில்லிலிருந்து நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை கேட்டில் வாட்ச்மேன் பையைப் பிரித்தான்.

"இது இன்னாத்துக்குய்யா?"

"ரயில் வுட."

என்னை மேலும் கீழும் பார்த்தான். போ என்று கையைக் காட்டினான். அந்த ரயில் எத்தனையோ வருஷம் ஓடியது.

பால்வாடி இருந்தது ஒரு சொல்தா வீட்டின் முன்கூடம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் இருந்தால் வீடு விளங்கும் என்று விட்டுவிட்டுப் போனார். சிவப்புச் சிமெண்டுத் தரை. வெயில் காலத்தில் பிள்ளைகள் பாயை உதறிவிட்டுத் தரையிலேயே கன்னத்தை வைத்துத் தூங்கும்.

கஞ்சித் தொட்டி

மில் பூட்டிய முதல் வாரம் பிள்ளைகள் வந்தன. நான் தினமும் மத்தியானம் போய் ஊதினேன். கதவுக்குப் பின்னால் நிற்பது இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. எனக்கு சங்கு மாமா என்று பேரும் வந்தது.

அப்புறம் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தன.

காரணம் இதுதான். தொழிற்சங்கத்தார் மில் கேட்டுக்கு எதிரே கஞ்சித் தொட்டி திறந்தார்கள். வேலையில்லாதவன் அதில் போய்க் கஞ்சி வாங்கலாம். நிறையப் பேர் வாங்கவில்லை. வெட்கம். வெட்கம் அதோடு நின்றால் பரவாயில்லை. பால்வாடிச் சாப்பாடும் அவர்கள் கண்ணுக்குக் கஞ்சித் தொட்டியாகிவிட்டது.

டீக்கடையில் ஏகாம்பரம் சொன்னான். மடியில் மல்லிகா உட்கார்ந்து வறுக்கி தின்றுகொண்டிருந்தாள்.

"சம்பளம் வாங்கும்போது அனுப்புனேன், அது வேற. இப்ப அனுப்புனா இன்னா பேசுவாங்க? ஏகாம்பரம் புள்ளைக்குச் சோறு போட வக்கில்லாம உப்புமாவுக்கு அனுப்புறான்னுவாங்க."

"யாரு பேசுறா?" என்றேன்.

"பேசுவாங்க."

"அப்பா, நான் டீச்சர்கிட்ட போறேன்" என்றாள் மல்லிகா.

"சும்மா கெட. அப்பாதான் வூட்ல இருக்கேனே, நான் பாத்துக்கறேன்."

அவன் கையைப் பார்த்தேன். சாயத்தில் வேலை செய்கிறவன் கை எப்போதும் நீலமாக இருக்கும். நகக்கண்ணில் கருநீலம். எந்த சோப்புக்கும் போகாது. அது வெளுக்க ஆரம்பித்திருந்தது.

இதற்கு நடுவில் மேலே இருந்து சேதி வந்தது. பிள்ளை இல்லாவிட்டால் இங்கே பால்வாடி எதற்கு என்று பேச்சு. வடக்கே பிள்ளைச்சாவடியில் மீனவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். இதை எடுத்து அங்கே வைத்துவிடலாம். மேலதிகாரி அம்மா வந்து பார்த்து முடிவு சொல்வார்.

தனம் அன்றைக்கு ராத்திரி சோறு சாப்பிடவில்லை.

"அந்தப் புள்ளைங்களுக்கும் வேணும்தான்" என்றாள். "அதுக்கு இதை மூடணுமா?"

அவள் என்னிடம் கேட்கவில்லை, தனக்கே கேட்டுக்கொண்டாள்.

ஏ ஷிப்ட், பி ஷிப்ட்

மறுநாள் காலையில் தனம் டீக்கடை வாசலில் வந்து நின்றாள். பெண்கள் அங்கே வந்து நிற்கிற வழக்கம் இல்லை. எல்லாரும் கிளாசைக் கீழே வைத்தார்கள்.

"எனக்கு ஆளு வேணும்" என்றாள். "சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்கணும். ஊஞ்சல் கட்டணும். பொம்ம தைக்கணும். கூலி கெடையாது."

"கூலி இல்லாத வேலையா டீச்சர்?" என்றான் ஏகாம்பரம்.

"கூலி இருக்குற வேல உனக்கு எங்கண்ணா வச்சிருக்குது?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஏகாம்பரம் முறைத்தான்.

"எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டான் ஒருத்தன்.

"மில்லு மாதிரிதான். காலையில ஏ ஷிப்ட். மத்தியானம் பி ஷிப்ட். லேட்டா வந்தா உள்ள விடமாட்டேன்."

ஷிப்ட் என்ற சொல் வேலை செய்தது. உட்கார்ந்திருந்தவர்களின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

திரும்பிப் போகும்போது, மறந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"புள்ளைங்களை இட்டாந்துடுங்க. நீங்க வேலைக்கு வந்துட்டா வூட்ல யாரு பாக்குறது?"

அழுகிற பிள்ளை கையில் சொம்பு கொடுத்துவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வந்தார்கள். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவனும் உண்டு. ஸ்பின்னிங்காரர்கள் ஊஞ்சல் கயிறு திரித்தார்கள். தறிக்காரர்கள் பாய் விளிம்பைக் கட்டினார்கள். ஏகாம்பரத்துக்குப் பொம்மைப் பிரிவு. கழிவுப் பஞ்சை அடைத்து, துணியைத் தைத்து, கண் வைக்கவேண்டும். தனத்துக்கு மேஸ்திரி என்று பேர் வைத்தார்கள். இரைச்சல் தாங்காமல் அவள் "சிலான்ஸ்" என்றால் பிள்ளைகளோடு சேர்ந்து பெரிய மீசைகளும் அடங்கும்.

ஏகாம்பரம் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டான்.

"மல்லிகாவுக்குச் சாப்பாடு வூட்லேருந்து வரும்."

"வரட்டுமே" என்றாள் தனம்.

தூக்குச் சட்டியில் புளிச்சோறு வந்தது. மல்லிகா அதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். அவள் அந்தப் பிள்ளைகளின் உப்புமாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைகள் அவள் புளிச்சோற்றைப் பார்த்தன. தனம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் யார் தட்டில் எது என்று தெரியவில்லை. ஏகாம்பரம் கையில் ஊசியோடு பார்த்துக்கொண்டே இருந்தான்.

இரண்டு நாளில் அவனே சொன்னான். "வேலைக்கு வந்த எடத்துல சாப்புடுறதுல இன்னா வெக்கம்?" யாரும் அவனைக் கேட்கவில்லை.

தூக்குச் சட்டி நின்றது.

இரண்டு தரம் வந்த மத்தியானம்

மேலதிகாரி அம்மா ஒருநாள் சொல்லாமல் வந்தார். வாசலில் ஜீப் நின்றது. ஒல்லியான அம்மா. மூக்குக் கண்ணாடி. உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கூடம் நிறைய ஆம்பிளைகள். ஏகாம்பரம் கால் இடுக்கில் ஒரு பொம்மையைக் கவ்விக்கொண்டு கண் தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மல்லிகா.

"கண்ணு கோணலா இருக்குப்பா."

"உங்க அத்தைக்கு மட்டும் நேராவா இருக்குது? சும்மா இரு."

மேலதிகாரி அம்மாவைப் பார்த்ததும் ஏகாம்பரம் எழுந்து, பொம்மையோடு சேர்த்துக் கும்பிட்டான்.

"இவங்கள்லாம் யாரு தனம்?"

"புள்ளைங்களோட அப்பாங்க மேடம். வேலைக்கு வந்திருக்காங்க."

"யாரு வேலைக்கு வச்சது?"

"நான்தான்."

"பால்வாடியில ஆம்பளைங்களுக்கு எடம் கெடையாதே."

"புள்ளைங்களுக்கு இருக்குது இல்லீங்களா? இவங்கள அனுப்புனா அதுங்களும் போயிடும்."

அம்மா பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மத்தியானம் ஆகிவிட்டது. ஊதுவதா வேண்டாமா என்று நான் தனத்தைப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாள்.

ஊதினேன். அதற்குள் நன்றாகப் பழகியிருந்தது.

பிள்ளைகள் எழுந்தன. அப்பாக்களும் எழுந்தார்கள். எல்லாரும் வரிசையாகக் குழாயடிக்குப் போனார்கள். அம்மா வாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்தார்.

"மில்லு தொறந்துட்டாங்களா?"

"இல்ல மேடம்" என்றாள் மல்லிகா. "அது சங்கு மாமா."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பிள்ளைகள் கை கழுவி வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இன்னொரு தடவ ஊதுங்களேன்" என்றார் என்னிடம்.

அதிகாரி சொன்னால் தட்டமுடியுமா? ஊதினேன்.

அவ்வளவுதான். எல்லாம் மறுபடி எழுந்தன. கழுவிய கையைக் கழுவ வரிசையாகப் புறப்பட்டன. ஒரு பிள்ளை வாயில் உப்புமா. பின்னாலேயே அப்பாக்கள்.

"மேடம்" என்றாள் தனம். "ஒரு நாளைக்கு மத்தியானம் ஒரு தடவதான் வரும்."

அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார். புறப்படும்போது மட்டும் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"தனம், இன்னிக்கு அப்பாங்க வர்றதால புள்ளைங்க வருது. மில்லு தொறந்து இவங்க போயிட்டா? அப்பவும் வருதான்னு பாத்துட்டுத்தான் நான் எழுதுவேன்."

நம்ம சங்கு

சுண்ணாம்பு அடித்து முடிந்தது. ஊஞ்சல் ஆடியது. ஏகாம்பரத்தின் கை சுத்தமாக வெளுத்துவிட்டது. "அப்பா கை ஆயா கை மாதிரி ஆயிடுச்சி" என்று மல்லிகா அதைத் தடவிப் பார்த்தாள்.

பேச்சுவார்த்தை நடப்பதாகச் சொன்னார்கள். முடிந்தால் சங்கு ஊதும், கேட்டுக்கு வந்துவிடுங்கள் என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம், நான் ஊதக் கையைக் குவிக்கப் போனேன். தெற்கே இருந்து வந்தது. முதலில் முனகல். அப்புறம் ஏறியது. மேலே போய் நின்றது.

நெஜ சங்கு.

கூடத்தில் ஒரே கூச்சல். ஊசி ஒரு பக்கம், கயிறு ஒரு பக்கம். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு ஓடினான். பெரியவர் ஒருத்தர் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மல்லிகா, வா. வூட்ல வுட்டுட்டுப் போறேன்" என்று ஏகாம்பரம் வாசலிலிருந்து கத்தினான்.

மல்லிகா அசையவில்லை. ஒரு பிள்ளையும் அசையவில்லை. சுவரோரம் சப்பணம் போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"வாம்மா! சங்கு ஊதிடுச்சி பாரு!"

"அது மில்லு சங்குப்பா" என்றாள் மல்லிகா. "நம்ம சங்கு இன்னும் ஊதல."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். தனத்தைப் பார்த்தான்.

"அப்ப சாயங்காலம் வந்து இட்டுக்கினு போறேன் மேஸ்திரி" என்றான். சைக்கிளில் ஏறினான். "டேய் கோவிந்து, வாடா!" என்று என்னையும் கூப்பிட்டான்.

நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றேன். தனத்தின் உதட்டைப் பார்த்தேன். அது சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது.

கையைக் குவித்தேன். மூச்சு உள்ள வரைக்கும் ஊதினேன். பிள்ளைகள் எழுந்து குழாயடிக்குப் போயின. அப்புறம்தான் சைக்கிளை எடுத்தேன். கேட்டுக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவன் நான்.

மறுநாள் காலை ஏகாம்பரம் வழியில் பால்வாடியில் சைக்கிளை நிறுத்தி மல்லிகாவை இறக்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் சைக்கிள்கள் நின்றன.

"அவளுக்கும் ஷிப்ட் இருக்குதாம்" என்றான் என்னிடம்.

அன்று மத்தியானம் மில்லில் என் தலைக்கு மேலேயே சங்கு ஊதியது. தறிகள் நின்றன. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். முத்தியால்பேட்டை பால்வாடியில் இதற்கு ஒரு பிள்ளையும் எழாது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. தறி மேஸ்திரி என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மேலதிகாரி அம்மா அப்புறம் இரண்டு தரம் வந்து பார்த்தார். பால்வாடி அங்கேயே இருந்தது. பிள்ளைச்சாவடிக்கு வேறொன்று கேட்டு எழுதிக் கொடுத்தார். அதுவும் வந்தது. பாபின் ரயிலில் பாதியைத் தனம் அங்கே கொடுத்து அனுப்பினாள்.

மில் திறந்து வேலைக்குப் போன அந்த முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தனத்திடம் கேட்டேன்.

"இன்னிக்கு யாரு ஊதுனது?"

"மல்லிகா."

"எப்படி ஊதுச்சி?"

தனம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"சளி இல்லாம ஊதுச்சி" என்றாள்.